பாவுக்கு ஒரு டிக்கெட்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளே விடுவதற்கு முன்னால் வாசலில் இருந்த பெண் கையை நீட்டச் சொல்லி ஒரு பாட்டிலை அமுக்கினாள். ஜில்லென்று நாலு சொட்டு. கையைத் தேய்த்து, பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான், பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு ஐம்பது வண்டியின் பின்படியில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பை, கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு நீள நோட்டு. அந்த வாசனை உங்களில் பலருக்கு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும், வேண்டாத ஞாபகமாகவும் இருக்கும். எனக்கு அது பஸ் வாசனை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது நான் ஆரணியில் பார்சல் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். பட்டுச்சேலைகளை ஊர் ஊராக அனுப்புகிற வேலை. அதற்கு முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆரணியில் கிளம்பி வந்தவாசி, தெள்ளார். அப்புறம் வந்த வழியே திரும்ப ஆரணி. வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு சாமி பெயர் எழுதியிருக்கும். அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சை வண்டி என்றால்தான் தெரியும். முதலாளிக்குக் களம்பூரில் ரைஸ் மில். மில் பிழைப்புக்கு, பஸ் ஆசைக்கு என்பார். டிரைவர் ஆரோக்கியம் அண்ணன். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். வழிவிடாமல் போகிற நெல் லாரியைத் திட்டுவதற்கு முன்னாலும் ஒரு தடவை போட்டுக்கொள்வார்.

நான் நல்ல கண்டக்டர். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? படியில் ஏறுகிற காலைப் பார்த்தே இறங்குகிற ஊரைச் சொல்லிவிடுவேன். சில்லறை இல்லை என்று நான் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு தடவை தப்பு செய்தேன், அதுவும் எழுத்தில். அந்தத் தப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளின் கட்டுதான் பாவு. தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, அரிசிக் கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றினால் கைக்குழந்தை அளவுக்கு ஒரு மூட்டை வரும். நசுங்கக் கூடாது, நனையக் கூடாது, அதன்மேல் கால் படவே கூடாது. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிரிப்பதற்குள் நெசவு செய்பவருக்கு உயிர் போய்விடும். அதனால் எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. வலது பக்கம் இரண்டாவது வரிசை ஜன்னல் சீட்டு பாவுக்கு. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருக்கலாம், தப்பில்லை. "பாவு வருது" என்று படியிலிருந்து ஒரு குரல் கேட்டால் எழுந்துவிட வேண்டும். எழுந்துவிடுவார்கள். ஒரு தடவை ஊருக்குப் புதிதாக வந்த பேங்க் ஆபீசர் ஒருவர், துணி மூட்டைக்கு நான் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று சட்டம் பேசினார். ஆரோக்கியம் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஆபீசர் எழுந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அந்தப் பாவுக்கு டிக்கெட்டும் கிடையாது. பாவுக்கு டிக்கெட் கேட்கிற கண்டக்டர் ஆரணியில் பிறக்கவில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பிறகு நானே அப்படிப் பிறந்தேன் என்பது வேறு விஷயம்.

பாவைக் கொண்டுவருவது பெரும்பாலும் தனம் அக்கா. ஆரணிப் பட்டுக் கடைகளில் பாவை வாங்கி, வந்தவாசி போகிற வழியில் தன் ஊரில் இருக்கும் தறிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். நெய்து முடித்த சேலைகளைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை அணைத்தபடி நாற்பது நிமிடமும் நின்றுகொண்டே வருவார். மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்களேன் அக்கா என்று நான் கேட்டதுண்டு.

"பிரேக் போட்டா அத்தயும் தூக்கினு வுழுவேன்பா. நின்னுகினு புடிச்சா அது நிக்கும். நான் வுழுந்தா எழுந்துக்குவேன்."

இரண்டு பெண்களை அந்தக் காலை வைத்துக்கொண்டு அப்படி நின்றே படிக்கவைத்தார். பச்சை வண்டி இல்லாவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை. சைக்கிள் ஆகாது, மொபெட் ஆகாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அரசு பஸ் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் அதில் ஏறினால் பாவு அப்பளம்தான்.

அப்புறம் ஊரடங்கு வந்தது. உங்களுக்குத் தெரியாததா? பச்சை வண்டியைக் களம்பூர் மில் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். வாரம் ஒருமுறை நானும் அண்ணனும் சைக்கிளில் போய் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்போம். தவிடு படிந்து பச்சை வண்டி பழுப்பு வண்டி ஆகியிருந்தது. அதை விரலால் துடைத்து அண்ணன் ஒரு சிலுவை வரைவார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் நாய்கள் நட்டநடுவில் படுத்து வெயில் காய்ந்தன. அடுத்த மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். காரணம் கேட்கும் கட்டத்தில் கல்யாணம், சாவு, வைத்தியம் என்றுதான் இருந்ததாம். எங்கள் தெருவில் ஒருவர் அண்ணன் தம்பி சண்டை தீர்க்கப் போவதற்கு மூன்றில் எதைப் போடுவது என்று என்னிடம் வந்து யோசனை கேட்டார். பிறகு எப்படியும் வைத்தியத்தில் முடியும் என்று அதையே போட்டார்.

தனம் அக்கா அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை ஆரணிக்கு வந்தார். பால் வண்டியில், கேன்களுக்கு நடுவில். நான் வழியில் பார்த்தேன்.

"பாவு மேல்லாம் பால் வாசனப்பா. தறிக்காரரு மோந்து பாத்துட்டு காப்பி போடவான்னு கேக்கறாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போகும்போது, "உங்க வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டார் பாருங்கள், அதில் சிரிப்பு இல்லை. ஓடும் அக்கா, நான் ஓடவைக்கிறேன் என்றேன். என்னமோ வண்டியே என்னுடையது போல.

ஓடியது. ஆனால் அது வேறு ஓட்டம். ஒன்றுவிட்டு ஒன்று சீட்டில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டோம். நிற்கவே கூடாது. படியில் பாட்டிலோடு நான் நின்று ஏறுகிறவர் கையில் எல்லாம் ஊற்ற வேண்டும். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பது அத்தோடு போயிற்று. பையில் ஈர ஸ்பாஞ்சு ஒன்று வைத்துக்கொண்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு விசில் அடிக்க முடியாது என்பதை இந்த நாட்டில் யாருமே யோசிக்கவில்லை. முதல் நாள் மறந்துபோய் விசிலை மேலே வைத்து ஊதினேன், துணிதான் உப்பியது. அப்புறம் வண்டியின் தகரத்தைத் தட்டித் தட்டி உள்ளங்கை காய்த்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீள நோட்டு. ஏறுகிற ஒவ்வொருவர் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். யாருக்காவது நோய் வந்தால் கூட வந்தவர்களைத் தேட வசதியாக இருக்குமாம். முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கிழித்த டிக்கெட்டும் நோட்டில் உள்ள தலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் வாரமே தனம் அக்கா பாவோடு வந்தார். வழக்கம்போல ஜன்னலோரம் அதை உட்காரவைத்தார். வழக்கம்போல நின்றார். அக்கா, நிற்கக் கூடாது, உட்காருங்கள் என்றேன். பெருக்கல் குறி போடாத இன்னொரு சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு சீட்டு ஆவுதே. ரெண்டு டிக்கெட் குடு."

"பாவுக்கு டிக்கெட்டாங்க்கா? வேணாம்."

"ஒரு ஆளு ஒக்கார்ற எடத்த அது புடிச்சிகினு இருக்குது. நாளைக்கு யாரனா உன்ன கேட்டா இன்னா சொல்லுவ? குடுப்பா."

கொடுத்தேன். டிக்கெட் இரண்டு, அப்படியானால் நோட்டிலும் தலை இரண்டு. 'தனம்' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'பாவு' என்று எழுதினேன். பாவுக்கு ஏது போன்? அது போய்ச்சேர வேண்டிய தறிக்காரர் சேகரின் நம்பரை எதிரே போட்டேன். எழுதும்போது நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று தோன்றியது.

மூன்று நாள் கழித்து, அன்று வண்டியில் வந்த வாத்தியார் ஒருவருக்கு நோய் உறுதியானது. (நல்லபடியாகத் தேறிவிட்டார், இப்போதும் என் கடைக்கு வருவார்.) நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஒரு சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு நம்பராகப் போன் செய்தார். தெற்கத்திப் பெண், வேலைக்கும் ஊருக்கும் புதிது. பாவு என்பது ஏதோ சின்னப் பிள்ளையின் செல்லப்பெயர் என்று நினைத்திருக்கிறார். சேகரோ அந்தப் போன் வந்த அன்று காலையில்தான் பாவு சரியில்லை என்று ஆரணிக் கடைக்குப் போன் செய்து புலம்பியிருந்தார். இது கடையிலிருந்து வந்த பதில் என்று அவர் நினைத்துவிட்டார். அந்தப் பேச்சைச் சேகர் எனக்கு வரிக்கு வரி சொல்லியிருக்கிறார், கேளுங்கள்.

"ஆரணியில இருந்து பேசுறோம். பாவு உங்க வீட்லதான் இருக்கா?"

"ஆமாங்க, பஸ்ல வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒரே பேஜாருங்க. வந்ததுலருந்து இழுத்துகினே இருக்குது."

"ஐயோ. ஏதாவது குடுத்தீங்களா?"

"நான் இன்னாங்க குடுக்கறது? அங்கயே கஞ்சி பத்தல. கஞ்சி பத்தலன்னா இப்படித்தான் ஆவும்."

"தனியா வெச்சிருக்கீங்களா?"

"தனி ரூம்லதாங்க. புள்ளைங்கள கிட்டயே வுடல. ஆனா இன்னும் ரெண்டு நாள் தாங்குமான்னு தெரியலைங்க. ஜல்தியா எதனா பண்ணுங்க."

"பயப்படாதீங்க. இப்பவே வண்டி அனுப்புறோம்."

கடைக்காரர் இவ்வளவு நல்லவரா என்று அசந்துபோன சேகர், மாற்றுப் பாவு வருகிறது என்று தலைவாரிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்து, பாவு எங்கே என்று கேட்டார்கள். உள்ளே தறியில் ஏற்றி வைத்திருக்கிறேன் என்றார் சேகர். முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் தெரு சிரிப்பைப் பார்க்கவில்லை, ஆம்புலன்ஸை மட்டும்தான் பார்த்தது. மத்தியானத்துக்குள் சேகர் வீட்டில் ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்ததாம், பச்சை வண்டியில் வந்ததாம் என்று ஆனது. சாயங்காலம் அது ஆம்புலன்ஸிலேயே போய்விட்டதாம். மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு வண்டியில் இருந்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் நானும் அண்ணனும்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. முதலாளி கூப்பிட்டார். "பத்து நாள் பாக்கறேன். தலை வரலன்னா டிரிப்ப நிறுத்திடுவேன். மில்லு பொழப்ப பாத்துகினு போறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கசந்தது. தனம் அக்காவிடம் போய், என் எழுத்தால் உங்கள் வழியே அடைபடப் போகிறது என்று சொன்னேன்.

"நீ எழுதினது சரிதான்பா. டிக்கெட் வாங்குச்சில்ல? அப்ப அது பாசஞ்சர்தான்" என்றார். "நாளைக்கு வண்டிய எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்தச் சொல்லு. ஆளு இல்லன்னாலும் நிறுத்து."

மறுநாள் அக்கா ஒரு பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அதை ஜன்னலோரம் உட்காரவைத்து, அதற்கு ஒரு முகக்கவசத்தையும் கட்டிவிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றது. அக்கா ஜன்னல் வழியாகப் பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இதாங்க அந்த பேஷண்ட்டு. நல்லா கீது. பயப்படாம ஏறுங்க."

முதல் நிறுத்தத்தில் முறைத்தார்கள். மூன்றாவதில் ஒரு கிழவர் சிரித்தார். ஆரோக்கியம் அண்ணன் தன் பங்குக்கு, நாங்களே பக்கத்தில் உட்கார்ந்து வருகிறோம் என்று குரல் கொடுத்தார். சேகர் தன் ஊர் நிறுத்தத்தில் வந்து நின்று, போன் பேச்சு முழுவதையும் இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். அந்த வாரத்துக்குள் ஊரே அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தது. ஒன்பதாம் நாள், பெருக்கல் குறி போடாத சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது. முதலாளி பத்தாம் நாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வதந்தியை நாங்கள் இப்படி அடித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நோயையும் வதந்தியையும் தாண்டி வந்துவிட்டோம். பெருக்கல் குறியைச் சுரண்டி எடுத்தோம், மறுபடி எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தேன், மறுபடி நிற்கலாம் என்றானது. ஆனால் நிற்க ஆளில்லை. பஸ் இல்லாத மாதங்களில் ஜனங்கள் கடனோ உடனோ வாங்கி ஆளுக்கொரு மொபெட் வாங்கியிருந்தார்கள். பழகிவிட்டது. நேரத்துக்குக் காத்திருக்கும் பொறுமை போய்விட்டது. அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது, நல்ல காரியம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஏழு ஐம்பதில் தலை குறைந்துகொண்டே வந்தது. மாதா மாதம் முதலாளி டிரிப்பை நிறுத்துகிறேன் என்பார். மாதா மாதம் நானும் அண்ணனும் களம்பூர் போய் நின்று, "தனம் அக்கா எப்படி முதலாளி போவாங்க?" என்போம். அவரும் சரி, இந்த மாசம் பார்க்கலாம் என்பார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். சில நாள் மொத்த வண்டிக்கும் அக்காவும் பாவும்தான்.

கடைசியில் ஒருநாள் முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமலே, முடியாதுப்பா என்று சொல்லிவிட்டார். அதை அக்காவிடம் சொல்ல வேண்டியது நான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். மூன்று சக்கர ஸ்கூட்டர். கால் முடியாதவர்களுக்கு அரசு கொடுப்பது. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"எப்பங்க்கா வந்தது?"

"போன மாசம். போன வருஷமே வந்திருக்கும். எழுதிக் குடுக்கற கேம்ப்புக்கு நான்தான் போவல."

"ஏன்?"

"நானும் வண்டி வாங்கிட்டா ஏழு அம்பதுல யாருப்பா ஏறுவாங்க? உனுக்கும் அண்ணனுக்கும் வேல போயிடும்ல."

நான் அந்தத் தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்காக நாங்கள் ஓட்டினோம். எங்களுக்காக அவர், உட்கார்ந்து போயிருக்க வேண்டிய ஒரு வருஷத்தை நின்றுகொண்டே வந்திருக்கிறார். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

அண்ணன் இப்போது மில்லில் லாரி ஓட்டுகிறார், வழிவிடாத லாரி என்று மற்றவர்கள் அவரைத் திட்டுகிறார்கள். எனக்குக் கடை நன்றாக நடக்கிறது. பச்சை வண்டியை யாரோ வாங்கிப்போய் வேறு நிறம் அடித்துவிட்டார்கள். பல் பிடுங்கிய மறுநாள் தனம் அக்கா கடைக்கு வந்தார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய பாவு. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "கஞ்சி குடிக்கறியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். காலை நேரம், ரோடு நிறைய மொபெட். நான் வலியைப் பார்க்காமல் கடைப்படியில் ஏறி நின்று, பழைய குரலில், "பாவு வருது" என்றேன். ரோட்டில் ஒருவரும் திரும்பவில்லை. அக்கா மட்டும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.